கைபேசி கேள்வி-பதில்: ஆட்டுரல் அவர்களுடையது, மாவு உங்களுடையது

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. போன் கம்பெனி தன் ஆப்பைத் தன் போனுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் நாம் என்ன செய்வது? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, காரைக்குடி: ஐந்து வருடமாக சாம்சங் போனில், அதோடு வரும் பேனாவால், சாம்சங் நோட்ஸ் ஆப்பில் எழுதி வருகிறேன். மாமியாரிடம் கேட்டு எழுதிய பலகாரக் குறிப்புகள், மார்கழிக் கோலங்கள், திருப்புகழுக்குப் பொருள் என்று நானூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அடுத்த மாதம் கூகுளின் பிக்சல் போன் வாங்கி வருகிறான். "அந்த ஆப் இதில் வராதும்மா" என்கிறான். செல்போன் கடைத் தம்பியோ ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு) இருக்கிறது, போட்டுத் தருகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மகன் சொல்வதுதான் சரி, அம்மா. கடைத் தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

புதுப் போன் வந்ததும் பழையதை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், எக்ஸ்சேஞ்சிலும் போடாதீர்கள், குறைந்தது இரண்டு மாதமாவது மேசை இழுப்பறையில் இருக்கட்டும். நோட்ஸ் ஆப்பைத் திறந்து ஏதாவது ஒரு குறிப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் தேர்வு செய்யும் வட்டங்கள் வரும். இருபது இருபதாகத் தேர்ந்தெடுத்து, கோப்பாகச் சேமிப்பதில் பிடிஎஃப் என்பதைத் தொடுங்கள். உங்கள் கையெழுத்தும் கோலமும் புள்ளி மாறாமல் அப்படியே வந்துவிடும். பூட்டு போட்ட குறிப்புகள் இருந்தால் முதலில் பூட்டை எடுத்துவிடுங்கள். நடுவில் எங்காவது குரல் பதிந்திருந்தால் அது பிடிஎஃபில் வராது, அந்த ஒலிக்கோப்பைத் தனியாகச் சேமிக்க வேண்டும், அதை மறந்துவிட வேண்டாம். செக்யூர் ஃபோல்டர் என்ற பாதுகாப்புக் கோப்புறையில் ஏதாவது வைத்திருந்தால் அதையும் வெளியே எடுங்கள், வேறு கம்பெனி போனுக்கு அது உங்களோடு வராது.

ஒரு குறை இருக்கிறது. பிடிஎஃபில் படிக்கலாம், அச்செடுக்கலாம், ஆனால் பழையபடி ஒரு கோட்டை மட்டும் அழித்து வேறு கோடு போட முடியாது. அதனால் சாம்சங் நோட்ஸின் சொந்த வடிவத்திலும் ஒரு பிரதி எடுத்துப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு சாம்சங் டேப்லெட் வாங்கினால் அதில் திறந்துகொள்ளலாம்.

இப்போது காரணம். உங்கள் ஊர்ப் பக்கம் பழைய வீடுகளில் ஆட்டுரலைத் தரையோடு பதித்திருப்பார்கள் இல்லையா? வீட்டைக் காலி செய்யும்போது அம்மியைத் தூக்கிக்கொண்டு போகலாம், ஆட்டுரலைத் தூக்க முடியாது. போன் கம்பெனிகளின் ஆப்களில் பல அப்படிப் பதித்த ஆட்டுரல்தான். ஓடும்போது, அந்தக் கம்பெனி தன் போனுக்குள் வைத்திருக்கும் சில நிரல் தொகுப்புகளைத் தேடும், அவை வேறு போனில் கிடையாது. அதனால் சில ஆப்கள் நிறுவவே மறுக்கும், சில ஆப்கள் நிறுவினாலும் திறந்த மறுநொடி மூடிக்கொள்ளும். அதோடு, கம்பெனி தன் ஆப்களில் ஒரு டிஜிட்டல் கையொப்பம் போட்டிருக்கும், அது இருந்தால்தான் ஆண்ட்ராய்டு சில உள் அனுமதிகளையே கொடுக்கும். வெளியாள் யாராவது அந்த ஏபிகேயைப் பிரித்து மாற்றிக் கட்டினால் அந்தக் கையொப்பம் போய்விடும், உள்ளே என்ன சேர்த்தார்கள் என்று கடைத் தம்பிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

ஆனால் எல்லா ஆப்பையும் தரையில் பதித்துத்தான் ஆக வேண்டும் என்று கிடையாது. அதே சாம்சங் தன் இணைய உலாவியையும் ஹெல்த் ஆப்பையும் மற்ற கம்பெனி ஆண்ட்ராய்டு போன்களுக்கும் கொடுத்திருக்கிறது. கொடுக்க மனம் இருந்தால் கொடுக்க முடியும் என்றுதானே அர்த்தம்? கூகுளை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் குறுக்கே வந்த ஆளை அழித்துவிடும் மேஜிக் இரேசர் 2021-ல் வந்தபோது பிக்சல் 6 போனுக்கு மட்டும் என்றார்கள். 2023-ல் மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கு மற்ற போன்களிலும் வந்தது. 2024-ல் கூகுள் ஃபோட்டோஸ் வைத்திருக்கும் எல்லோருக்கும் இலவசம். அந்த மூன்று வருடத்தில் விதி மாறியது கம்பெனியின் மேசையில்தான்.

ஆப் அவர்கள் உழைப்பு, யாருக்குக் கொடுப்பது என்று அவர்கள் முடிவு செய்யட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அதில் ஆட்டிய மாவு உங்களுடையது. அதை எந்தப் பாத்திரத்தில் வேண்டுமானாலும் வழித்து எடுத்துக்கொண்டு போகிற வழி திறந்திருக்க வேண்டும், அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் அப்பாவுக்குக் காலையும் இரவும் ரத்த அழுத்தம் எடுத்து, போனோடு வந்த குறிப்பேடு ஆப்பில் மூன்று வருடம் எழுதி வந்தேன். ஒரு நாள் போன் தண்ணீரில் விழுந்து போய்ச் சேர்ந்தது. கணினியில் பேக்கப் இருந்ததால் பதறவில்லை. வேறு கம்பெனி போன் வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்தக் கோப்பு அந்தக் கம்பெனி போனைத் தவிர வேறு எதிலும் திறக்காது என்று. இதய மருத்துவர் பழைய அளவுகள் இருந்தால் கொண்டு வாருங்கள் என்கிறார். கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் ஏறி இறங்கி, அதே கம்பெனியின் திரை கீறிய பழைய போன் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கி, பேக்கப்பை அதில் ஏற்றி, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. "காலை தலைசுற்றல், மதியம் ரசம் சாதம் மட்டும்" என்று நானே எழுதிய வரிகள், நானே எடுத்த எண்கள், அவற்றைப் படிக்க நான் இன்னொரு போன் வாங்க வேண்டியிருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. விதி மீறாமலேயே இப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தனியார் நிறுவன ஊழியர், கடலூர்: அப்பாவுக்கு இசிஜி பார்க்கிற சாம்சங் கேலக்ஸி வாட்ச் வாங்கலாம் என்று இருக்கிறேன். அவரிடம் இருப்பது வேறு கம்பெனி ஆண்ட்ராய்டு போன். வேலை செய்யுமா?

வாட்ச் இணையும், மணி காட்டும், நடந்த அடிகளை எண்ணும். நீங்கள் எதற்காக வாங்குகிறீர்களோ அந்த இசிஜி மட்டும் வேலை செய்யாது. 2021-ல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் இதே நிலைதான். இசிஜிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாம்சங் ஹெல்த் மானிட்டர் என்ற தனி ஆப் வேண்டும், அது சாம்சங் போனில்தான் ஓடும். மாற்றிக் கட்டிய ஆப்பை இறக்கிப் போட்டால் ஓடுகிறது என்று யாராவது காட்டினாலும் அப்பாவின் இதய விஷயத்தில் அதை நம்ப வேண்டாம். ஆப்பிள் வாட்ச்சுக்கோ ஐபோன் இல்லாமல் ஆகவே ஆகாது. போனை மாற்றும் எண்ணம் இல்லையென்றால், அந்தப் பணத்தில் பாதிகூட ஆகாது, மருந்துக் கடையில் கிடைக்கும் கைப்பட்டை வைத்த நல்ல பிபி மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். இசிஜியை மருத்துவர் சொல்லும்போது எடுத்துக்கொள்ளலாம்.

71 வயது வாசகர், திருநெல்வேலி: பேத்தி டல்லாஸில் இருக்கிறாள். "தாத்தா, ஃபேஸ்டைமில் வாங்க" என்கிறாள், அது ஐபோனில் வரும் வீடியோ அழைப்பாம். என்னிடம் இருப்பது சாதாரண ஆண்ட்ராய்டு. இதற்காக ஐபோன் வாங்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம், ஐயா. 2021-லிருந்து ஒரு வழி இருக்கிறது. பேத்தி தன் ஐபோனில் ஃபேஸ்டைமைத் திறந்து, லிங்க் உருவாக்கு என்பதைத் தொட்டு, வருகிற லிங்க்கை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். நீங்கள் அதைத் தொட்டால் குரோம் உலாவியில் திறக்கும். பெயரைக் கேட்கும், "தாத்தா" என்று அடித்தால் போதும். கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கேட்கும், கொடுங்கள். அப்புறம் பேத்தி அந்தப் பக்கம் உங்களை உள்ளே அனுமதிக்க வேண்டும், அதுவரை காத்திருங்கள். நீங்களாக அவளை ஃபேஸ்டைமில் அழைக்க மட்டும் முடியாது, அழைப்பு அவள் பக்கமிருந்துதான் வர வேண்டும்.

2010-ல் ஃபேஸ்டைமை அறிமுகம் செய்த மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ், இதை எல்லோரும் பயன்படுத்தும் திறந்த தரமாக ஆக்கப்போகிறோம் என்று அறிவித்தார். அது நடக்கவே இல்லை. பதினோரு வருடம் கழித்து வந்தது இந்த லிங்க் ஒன்றுதான்.

கல்லூரி மாணவர், கோவை: அமெரிக்காவில் படிக்கும் அண்ணன், ஐபோன் இல்லாததால் வகுப்பு நண்பர்கள் குரூப்பில் சேர்க்க யோசிக்கிறார்கள் என்கிறான். பச்சைக் குமிழி, நீலக் குமிழி என்கிறான். ஒரு மெசேஜ் நிறத்துக்கா இவ்வளவு?

நம் ஊரில் எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருப்பதால் இது நமக்கு உறைக்கவில்லை, தம்பி. அமெரிக்காவில் போனோடு வரும் மெசேஜ் ஆப்பிலேயே பேசிக்கொள்கிற பழக்கம் அதிகம். ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போனால் அது ஐமெசேஜ், நீல நிறம். ஆண்ட்ராய்டுக்குப் போனால் பச்சை. நிறம் மட்டும் மாறினால் பரவாயில்லை. பச்சையில் ரொம்ப காலம் வீடியோ புள்ளி புள்ளியாகத்தான் போய்ச் சேர்ந்தது, படித்தாரா என்று தெரியாது, குரூப்பில் ஒரே ஒரு ஆண்ட்ராய்டு இருந்தால் அத்தனை பேருக்கும் வசதி குறையும். அந்த ஒருவர் மேல்தான் எல்லோருக்கும் எரிச்சல் வரும், உன் அண்ணனுக்கு நடப்பதும் அதுதான்.

இது தானாக அமைந்ததா, வேண்டுமென்றே அமைத்ததா என்ற சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் கம்பெனி ஆப்பிள் மேல் போட்ட வழக்கில் 2021-ல் ஆப்பிளின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. 2013-லேயே ஆப்பிளின் இணையச் சேவைகளுக்குத் தலைவரான எடி க்யூ, ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்கும் கொண்டுபோகலாம் என்று பேசியிருக்கிறார். மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி மறுத்துவிட்டார். அப்படிச் செய்தால் ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கிக் கொடுக்க இருக்கும் தடையை நாமே எடுத்துவிடுவதாக ஆகும் என்பது அவர் வாதம். முடியாது என்று அவர் சொல்லவில்லை, பிள்ளைகள் போய்விடுவார்கள் என்றுதான் சொன்னார். 2016-ல் ஆப்பிளின் சந்தைப்படுத்தல் தலைவர் ஃபில் ஷில்லரும் அது நமக்கு நன்மையைவிடக் கெடுதலைத்தான் செய்யும் என்று எழுதினார். 2022-ல் ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, என் அம்மாவுக்கு வீடியோ சரியாக அனுப்ப முடியவில்லை என்றபோது, உங்கள் அம்மாவுக்கு ஒரு ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்றார் அப்போது ஆப்பிளின் தலைமை அதிகாரியாக இருந்த டிம் குக். 2023 டிசம்பரில் பீப்பர் மினி என்ற ஆண்ட்ராய்டு ஆப் ஐமெசேஜுக்குள் நுழைய ஒரு வழி கண்டுபிடித்தது, பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆப்பிள் சில நாளில் அதை அடைத்துவிட்டது. 2024 செப்டம்பரில் வந்த ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 18-ல்தான் ஆர்சிஎஸ் என்ற பொதுத் தரத்தை ஏற்றார்கள். இப்போது படம் தெளிவாகப் போகிறது, நிறம் மட்டும் இன்னும் பச்சைதான்.

ஆனால் இப்படி அடைத்து வைத்தால் எப்போதும் லாபம்தான் என்று நினைத்துவிடாதே. பிளாக்பெர்ரி என்ற போன் கம்பெனியின் கதை உனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு, நீ அப்போது சின்னப் பையன். 2005-ல் பிபிஎம் என்ற மெசேஜ் ஆப்பைக் கொண்டு வந்தார்கள். போன் நம்பர் தேவையில்லை, ஒவ்வொரு பிளாக்பெர்ரி போனுக்கும் எட்டு எழுத்தில் பின் (PIN) என்று ஒரு அடையாளக் குறி இருக்கும், "உன் பின் என்ன?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். மெசேஜ் போய்ச் சேர்ந்தால் பக்கத்தில் சின்னதாக டி, படித்துவிட்டால் ஆர். இன்றைக்கு நாம் பார்க்கிற நீல டிக்குக்கெல்லாம் முன்னோடி அது. அந்த ஆர் வந்தும் பதில் வராமல் போனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தவர்கள் அந்த நாளில் எத்தனையோ பேர். இந்தோனேசியாவில் பிபிஎம்முக்காகவே பிளாக்பெர்ரி வாங்கினார்கள்.

ஆனால் அந்தப் பின் ஆளோடு கட்டியது இல்லை, போனோடு கட்டியது. பிளாக்பெர்ரியை விட்டால் பிபிஎம்மையும் விட வேண்டும். கம்பெனியின் தலைவர்களில் ஒருவரான ஜிம் பால்சிலி, இதை மற்ற போன்களுக்கும் திறந்துவிடலாம் என்று திட்டம் போட்டார். 2012-ல் புதிதாக வந்த தலைமை அதை ஓரம் கட்டியது, அவரும் விலகிவிட்டார். இதற்கு நடுவே 2009-ல் பிறந்த வாட்ஸ்அப், நோக்கியா, ஐபோன், ஆண்ட்ராய்டு, பிளாக்பெர்ரி என்று எந்த போன் கையில் இருந்தாலும் ஓடியது. 2013 அக்டோபரில் பிபிஎம் ஒருவழியாக ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் வந்தபோது முதல் நாளிலேயே ஒரு கோடி பேர் இறக்கினார்கள். ஆசை இருந்தது, பார்! ஆனால் அதற்குள் அவரவர் சொந்தக்காரர்களும் நண்பர்களும் வேறு இடத்தில் குடியேறியிருந்தார்கள். நான்கு மாதம் கழித்து, 2014 பிப்ரவரியில், 45 கோடிப் பேர் இருந்த வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பொதுமக்களுக்கான பிபிஎம் 2019 மே 31-ல் மூடப்பட்டது. இரண்டு வருடம் முன்னால் கதவைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் எனக்கு மனசு கேட்கும்.

அண்ணனிடம் சொல், குரூப்பை வாட்ஸ்அப்புக்கோ சிக்னல் என்ற ஆப்புக்கோ மாற்றலாமே என்று அவனே முதலில் கேட்கட்டும். பெரும்பாலும் யாராவது ஒருவர் வாய் திறந்து கேட்டாலே போதும்.

புகைப்படக்காரர், சேலம்: பிக்சல் கேமரா ஆப்பை என் போனில் போட்டால் அதே தரம் வரும் என்கிறார்களே?

பாதி உண்மை. ஒரே நொடியில் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிற அந்தக் கணக்கு, சில போன்களில் நல்ல பலன் கொடுக்கும், முக்கியமாக இரவுப் படங்களில். ஆனால் அந்த ஆப் பிக்சலின் சென்சாருக்கும் லென்ஸுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை. உங்கள் போன், கேமராவின் உள் கட்டுப்பாட்டை வெளி ஆப்புக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டாவது லென்ஸ் வேலை செய்யாமல் போகலாம், வீடியோ நிற்கலாம். கிடைப்பதெல்லாம் யாரோ மாற்றிக் கட்டியவை என்பதால், போட்டே ஆக வேண்டும் என்றால் வங்கி ஆப் இல்லாத பழைய போனில் போட்டுப் பாருங்கள், கல்யாண வேலைக்குப் போகும் போனில் வேண்டாம். இந்த விஷயத்தில் நான் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன், இது உண்மையிலேயே தரையில் பதித்த ஆட்டுரல். எடுத்த படம் எங்கும் திறக்கிற சாதாரண ஜேபெக் கோப்பாக உங்கள் கையில் வந்துவிடுகிறதே!

இளம் வழக்கறிஞர், மதுரை: இதற்குச் சட்டம் எதுவும் இல்லையா?

ஐரோப்பாவில் இருக்கிறது. டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2024 மார்ச்சிலிருந்து பெரிய கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிறது. ஐமெசேஜுக்கு 2024 பிப்ரவரியிலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள், அது எனக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம், மற்ற கம்பெனி வாட்ச்களுக்கும் ஐபோன் அறிவிப்புகள் போக வழிவிட வேண்டும் என்பது உட்படப் பல விஷயங்களை ஆப்பிளுக்கு விலாவாரியாக எழுதிக் கொடுத்தது. ஆப்பிள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயிருக்கிறது. அமெரிக்காவில் நீதித்துறை 2024 மார்ச்சில் ஆப்பிள் மேல் போட்ட வழக்கில் இந்த மெசேஜ் விவகாரமும் வாட்ச் விவகாரமும் உண்டு. வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்ட ஆப்பிளின் மனுவை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்தியாவில் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது, உங்களைப் போன்றவர்கள் அதை எடுத்து ஒரு முறை படியுங்கள்.

திறந்தால் பாதுகாப்புக் குறையும் என்று கம்பெனிகள் சொல்வதை அடியோடு ஒதுக்கவும் முடியாது, செய்தி ஒவ்வொரு கைக்கு மாறும்போதும் பூட்டு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் 2025 நவம்பரில் கூகுள், பக்கத்துப் போனுக்குக் கோப்பு அனுப்பும் தன் குயிக் ஷேரை, அதே வேலையைச் செய்யும் ஆப்பிளின் ஏர்டிராப்போடு பேச வைத்ததே! இனிமேல் முடியாது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். அதிலும் முதலில் வந்தது பிக்சல் 10 போன்களுக்கு மட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இல்லத்தரசி, ஈரோடு: புதுப் போன் வாங்கப் போகிறேன். இந்தச் சிக்கலில் மாட்டாமல் இருக்கக் கடையில் என்ன கேட்க வேண்டும்?

கேட்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. மேசையில் வைத்திருக்கும் மாதிரி போனில் அதன் நோட்ஸ் ஆப்பைத் திறந்து நாலு வரி எழுதுங்கள், ஒலிப்பதிவு ஆப்பில் பத்து நொடி பேசுங்கள், ஒரு படம் எடுங்கள். மூன்றையும் கோப்பாக உங்கள் இப்போதைய போனுக்கு புளூடூத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வந்ததைத் திறந்து பாருங்கள். திறந்தால் அந்த ஆப்களில் தைரியமாக எழுதலாம். ஏதாவது ஒன்று திறக்கவில்லை என்றால் அந்தப் போனை வாங்கினாலும் அந்த ஒரு ஆப்பை மட்டும் தொடாதீர்கள், அந்த வேலைக்கு எல்லா போனிலும் கிடைக்கிற வேறு ஆப்பை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் மாதிரி போனில் நீங்கள் எழுதியதையும் பேசியதையும் அழித்துவிட்டு வாருங்கள்.